கம்பெனி நர்ஸ் வேலைக்குன்னு எம்.எஸ்சி படிப்பு இருக்கா? விழுப்புரம், திண்டிவனம் நர்சிங் பட்டதாரிகளுக்கு என்ன வழி?

பி.எஸ்சி நர்சிங் முடிச்சாச்சு. ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தாச்சு. அடுத்து மேற்படிப்பு. எந்தப் பிரிவை எடுப்பது? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மாணவிகள், மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஊரைச் சுற்றி நடப்பதையும் ஒரு கண் பார்க்க வேண்டும்.

திண்டிவனம் சிப்காட்டில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 400 கோடி ரூபாய். தென்னிந்தியாவில் அந்த நிறுவனத்துக்கு இதுதான் முதல் ஆலை. பெரிய ஆலை வந்தால் உள்ளே ஒரு மருத்துவ அறை வரும். அங்கே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பார். தொழிலாளர்கள் அவரை 'கம்பெனி நர்ஸ்' என்பார்கள். படிப்பு உலகத்தில் அவருக்குப் பெயர், தொழில் மற்றும் சுற்றுச்சூழல் சுகாதார செவிலியர்.

அந்த வேலைக்கென்றே தனி மேற்படிப்பு இருக்கிறதா? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கிறது. இந்தியாவில் அந்தப் பெயரில் எம்.எஸ்சி நர்சிங் கிடையாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டப்படி எம்.எஸ்சி நர்சிங்கில் பிரிவுகள் ஐந்துதான்: மருத்துவ-அறுவை சிகிச்சை, சமூக சுகாதாரம், குழந்தைகள் நலம், மனநலம், மகப்பேறு மற்றும் மகளிர் நலம். தொழிலாளர் சுகாதாரம் இதில் 'சமூக சுகாதார நர்சிங்' பிரிவுக்குள் ஒரு பாடமாக வருகிறது.

அப்போ கதவு மூடியாச்சா? இல்லை. கொஞ்சம் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். அந்த வழியைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த நர்ஸ் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துவிடுவோம். வேலை புரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பேண்டேஜ் போடுவது மட்டும்தான் வேலையா?

கை கிழிந்தால் மருந்து வைத்துக் கட்டுவது, தலைவலிக்கு மாத்திரை கொடுப்பது, மயக்கம் போட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவது. வெளியிலிருந்து பார்த்தால் கம்பெனி நர்ஸின் வேலை இவ்வளவுதான் என்று தோன்றும். பல இடங்களில் நிஜமாகவே இதோடு நின்றும் போகிறது.

ஆனால் வேலையின் பாதிக்கு மேல் யாருக்கும் அடிபடுவதற்கு முன்பே நடக்க வேண்டியது. புதிதாகச் சேருபவருக்குக் காது கேட்கும் திறன், கண் பார்வை, நுரையீரல் கொள்ளளவு என்று ஆரம்பத்திலேயே அளந்து எழுதி வைக்க வேண்டும். அந்த முதல் அளவு கையில் இல்லாவிட்டால், ஐந்து வருடம் கழித்து அவருக்குக் காது மந்தமானதற்குக் காரணம் மெஷின் சத்தமா வயதா என்று யாராலும் சொல்ல முடியாது. நைட் ஷிஃப்ட் பார்க்கும் சர்க்கரை நோயாளி இன்சுலினை எத்தனை மணிக்குப் போட்டுக்கொள்வது, கர்ப்பமாக இருக்கும் பெண்ணை எந்த லைனில் நிறுத்தக் கூடாது, முதுகு ஆபரேஷன் முடிந்து வருபவரை எந்த வேலையில் திரும்ப உட்கார வைப்பது, எல்லாம் இவர் மேஜைக்குத்தான் வரும்.

கூடவே அவர் அறையை விட்டு வெளியே வந்து ஆலைக்குள் நடக்க வேண்டும். எங்கே தூசு பறக்கிறது, எங்கே கத்திப் பேச வேண்டியிருக்கிறது, எந்த கேனில் லேபிள் இல்லை என்று பார்க்க வேண்டும். ஒரே செக்‌ஷனிலிருந்து ஒரே வாரத்தில் நாலு பேர் கை அரிப்பு என்று வந்தால், நாலு பேருக்கும் களிம்பு கொடுத்து அனுப்புவது பாதி வேலை. அந்த செக்‌ஷனில் புதிதாக என்ன கெமிக்கல் வந்தது என்று போய்ப் பார்ப்பது மீதி பாதி.

இந்த வேலைக்கு வயது 140 வருடத்துக்கு மேல். 1878-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில், கோல்மன் கடுகு ஆலை பிலிப்பா ஃப்ளவர்டே என்ற நர்ஸை வேலைக்கு எடுத்தது. ஆலையில் டாக்டருக்கு உதவியாக இருப்பார், பிறகு நோயாளித் தொழிலாளர்களின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். உலகின் முதல் தொழிற்சாலை நர்ஸ் என்று பாடப்புத்தகங்கள் குறிப்பிடுவது இவரைத்தான்.

அதற்கும் முன்னால் 1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நோயாளியிடம் டாக்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்கச் சொன்னார்: "நீ என்ன வேலை செய்கிறாய்?"

நம்ம ஊர் ஓ.பி. சீட்டிலும் தொழில் என்று ஒரு இடம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் எழுதப்படும் சொல் 'கூலி'. ஜல்லி க்ரஷரில் நிற்பவரும் கூலி, உப்பளத்தில் உப்பு வாருபவரும் கூலி, கரும்பு வெட்டுபவரும் கூலி. மூன்று பேருக்கும் வரும் நோய்கள் வேறு வேறு. அந்த ஒரு சொல்லில் மூன்றும் மறைந்துபோகின்றன.

நம்ம மாவட்டத்தில் இதற்கு என்ன தேவை?

சிப்காட் வருவதற்கு ரொம்ப முன்பே இங்கே ஆபத்தான வேலைகள் இருந்தன. அவற்றில் பலவற்றைத் தொழிற்சாலை வேலை என்று நாம் நினைப்பதில்லை, அதுதான் பிரச்னை.

வானூர் தாலுகாவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்மரப் பூங்காவால் பெயர் பெற்ற திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகளும் க்ரஷர்களும் இருக்கின்றன. கருங்கல்லைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகள்தான் நுரையீரலின் அடி வரை போய் உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் சேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்து ஆளைத் தூசியிலிருந்து வெளியே கொண்டுவந்தால் பாதிப்பின் வேகத்தைக் குறைக்கலாம்.

கண்டுபிடிப்பதுதான் சிக்கல். இருமல், மூச்சிரைப்பு, உடம்பு இளைப்பது, எக்ஸ்-ரேயில் புள்ளிகள் எல்லாமே காசநோய் மாதிரி இருக்கும். சளியில் கிருமி இல்லாவிட்டாலும் டி.பி. மாத்திரை தொடங்கிவிடுவார்கள். ஆறு மாதம் சாப்பிட்டும் மூச்சு சரியாகாது. குழப்பத்தை இன்னும் கூட்டும் விஷயம், சிலிகோசிஸ் வந்தவருக்கு டி.பி. வரும் வாய்ப்பும் அதிகம் என்பது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இந்த முடிச்சை அவிழ்க்க, பத்து வருடமாக அவர் எங்கே, என்ன வேலை பார்த்தார் என்று உட்கார்ந்து கேட்டு எழுத ஒரு ஆள் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் அது நடக்காது.

அடுத்து மரக்காணம். உப்பு கோடையில்தான் விளையும். வெயில் ஏற ஏற விளைச்சல் கூடும். அதனால் 'வெயில் காலத்தில் வேலையைக் குறையுங்கள்' என்று உப்பளத் தொழிலாளியிடம் சொல்வதில் அர்த்தமே இல்லை. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 90 சதவீதம் பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப அளவைத் தாண்டிய சூழலில் வேலை செய்தார்கள். உடலில் நீர் குறைவதும் சிறுநீரக வடிகட்டும் திறன் குறைவதும் வெப்பத்தோடு தொடர்புள்ளதாக அதில் தெரிந்தது.

இங்கே வெப்பம் என்பது டிவியில் நாங்கள் சொல்லும் டிகிரி இல்லை. காற்றின் ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் தனிக் கருவி இருக்கிறது. ஈரப்பதம் அதிகமுள்ள கடற்கரையில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. அதனால் உள்நாட்டில் அதே டிகிரி வெயிலில் தாங்கும் வேலையை மரக்காணத்தில் உடம்பு தாங்காது.

உப்பளத்தில் நிறைய தண்ணீர் குடிக்கச் சொன்னால் போதாதா என்று தோன்றலாம். அங்கே வேலை செய்யும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மறைவான இடமோ கழிப்பறையோ இல்லாத வெட்டவெளியில் தண்ணீர் குடித்தால் எங்கே போவது? அதனால் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று, கல், சிறுநீரகப் பாதிப்பு என்று வரிசையாக வருகிறது. இதற்கு மருந்து கழிப்பறையும் நிழலும்தான். அதை எழுதிக் கொடுக்க டாக்டர் சீட்டில் இடமில்லை. ஆதாரத்தோடு மாவட்ட நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லும் படிப்பு ஒன்று இருக்குமானால் அது இந்தப் படிப்புதான். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பிறகு, அந்த ஆதாரத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பும் சர்க்கரை ஆலையும். கரும்பு வெட்டுபவருக்குப் பாம்புக்கடி, வெட்டுக்காயம், வெயில். ஆலையில் மாதக்கணக்கில் குவித்து வைத்துப் பூஞ்சை பிடித்த சக்கையின் தூசியைச் சுவாசித்தால் வரும் நுரையீரல் நோய்க்கு 'பேகசோசிஸ்' என்று தனிப்பெயரே உண்டு.

'சுற்றுச்சூழல்' என்ற சொல் படிப்பின் பெயரில் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ரசாயனம். ஆலை கேட்டுக்குள் இருக்க வேண்டிய பொருள் வெளியே வந்து மீனவக் கிராமத்தின் வீடுகளுக்குள் போனது. மெத்தனால் குடித்தவருக்கு முதல் சில மணி நேரம் சாதாரண போதை மாதிரிதான் தெரியும். பிறகு கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். ஒரே ஊரிலிருந்து இரண்டாவது ஆள் 'கண்ணு சரியா தெரியல' என்று வரும்போதே சந்தேகப்படத் தெரிந்த ஒரு நர்ஸ், மூன்றாவது ஆளைக் காப்பாற்ற முடியும். நச்சியல் என்ற பாடம் இந்தப் படிப்பில் இருப்பது அதற்காகத்தான்.

சட்டம் நர்ஸ் வேண்டும் என்று சொல்கிறதா?

சொல்கிறது, ஒரு அளவுக்கு. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-வது பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும், அதில் மருத்துவ, செவிலியர் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்றது. 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் திருத்தம் வந்தது. ஆபத்தான செய்முறை உள்ள ஆலைகளில் வேலைக்கு வைக்கும் முன்பும், பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறையாவதும் மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் இடத்தில் இனி இதுதான். 500 பேர் கணக்கு இதிலும் தொடர்கிறது.

இன்னொரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதிய தொகுப்பில் அது 20. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 என்பது 40 ஆகியிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத் தொகுப்பின் பொதுவான கடமைகள் பொருந்தும் என்றாலும், 'தொழிற்சாலை' என்ற கணக்கிலிருந்து சின்ன க்ரஷர்கள் நழுவ வழி இருக்கிறது.

உப்பளம் தொழிற்சாலையா என்று சிரிக்காதீர்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. கூரையும் சுவரும் இல்லாத திறந்தவெளியாக இருந்தாலும் உப்பளம் தொழிற்சாலைகள் சட்டத்துக்குள் வரும் என்று 1961-லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

தொழில் நோய்கள் என்று சட்டத்தின் மூன்றாவது அட்டவணை 29 நோய்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. சிலிகோசிஸ், சத்தத்தால் வரும் காது மந்தம், ஈய நச்சு, தோல் அழற்சி எல்லாம் அதில் உண்டு. இவற்றில் ஒன்று தொழிலாளிக்கு வந்தால் ஆலை மேலாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை தரும் டாக்டரும் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் தகவல் போக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். நர்ஸுக்கு இந்தக் கடமையைச் சட்டம் தனியாகக் கொடுக்கவில்லை. ஆனால் முதல் சந்தேகம் எழுவது பெரும்பாலும் அவர் எழுதும் ரெஜிஸ்டரில்தான். வெயிலால் வரும் சிறுநீரகப் பாதிப்பு அந்த 29-ல் தனி நோயாக இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சம்பளம் கம்பெனி கொடுக்குது, நர்ஸ் யார் பக்கம்?

இந்த வேலையின் கஷ்டமான இடம் இதுதான். படிக்க வருபவர்கள் முன்கூட்டியே யோசித்துவிடுவது நல்லது.

ஒரு தொழிலாளிக்குக் காது கேட்கும் திறன் குறைகிறது என்று பரிசோதனையில் தெரிகிறது. மேலாளரிடம் சொன்னால் ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடலாம். சொல்லாவிட்டால் அதே மெஷின் முன் நின்று இன்னும் கெட்டுப்போகும். தொழிலாளியே "மேடம், எழுதிடாதீங்க, கான்ட்ராக்டர் நிறுத்திடுவார்" என்று கெஞ்சுவார். என்ன செய்வது?

சர்வதேச தொழில் சுகாதார ஆணையத்தின் நெறிமுறைகள் ஒரு கோடு போட்டுத் தருகின்றன. நிர்வாகத்துக்குத் தர வேண்டியது, இந்த வேலைக்கு இவர் தகுதியா, எந்தெந்த வேலையைத் தவிர்க்க வேண்டும் என்பது மட்டும். நோய் விவரம் தொழிலாளிக்குச் சொந்தம். கூடவே, ஆள் பெயர் இல்லாமல், 'இந்த செக்‌ஷனில் இத்தனை பேரில் இத்தனை பேருக்குக் காது குறைகிறது' என்று மொத்தக் கணக்காக நிர்வாகத்திடம் வைத்தால் பேச்சு ஆளை விட்டு மெஷின் பக்கம் திரும்பும். புள்ளியியல் தெரிந்த நர்ஸுக்கும் தெரியாத நர்ஸுக்கும் வித்தியாசம் தெரியும் இடம் இது. மேற்படிப்பு தேவைப்படுவதும் இதற்குத்தான்.

இன்னொன்று, ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிரந்தர ஊழியருக்கு வருடாந்திரப் பரிசோதனை நடக்கும். அதே தூசியில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆளின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வடமாநிலத் தொழிலாளர் என்றால் மொழியும் தடை. மூச்சிரைப்பு, மயக்கம், நெஞ்சுவலி என்ற மூன்று சொல்லையாவது இந்தியில் கேட்கத் தெரியாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

சரி, படிப்புக்கு வழி என்ன?

எம்.எஸ்சி நர்சிங் இரண்டு வருடம். பி.எஸ்சி நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி முடித்திருக்க வேண்டும், குறைந்தது 55 சதவீத மதிப்பெண், ஒரு வருட வேலை அனுபவம், நர்சிங் கவுன்சிலில் பதிவு. இது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த தகுதி. ஜி.என்.எம் முடித்தவர்கள் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்துவிட்டு வரலாம். 2023-ல் வந்த தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் பழைய கவுன்சிலின் இடத்தில் புதிய ஆணையத்தைக் கொண்டுவருவதால், விண்ணப்பிக்கும் வருடத்தின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிரிவு என்று வரும்போது சமூக சுகாதார நர்சிங்கை எடுங்கள். பலர் இதை 'வேற எதுவும் கிடைக்கலைன்னா' என்று கடைசியில் எடுக்கும் பிரிவாக நினைக்கிறார்கள். க்ரஷரும் உப்பளமும் உங்கள் மனதில் இருந்தால் இதுதான் முதல் தேர்வு. நோய்ப்பரவல் இயல், மக்கள்தொகைக் கணக்கு, பள்ளி சுகாதாரம், பேரிடர், தொழில் சுகாதாரம் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரியில் எம்.எஸ்சி இருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊருக்கும் பக்கத்தில் இருக்கும் பெரிய நிறுவனம் ஜிப்மர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் ரோட்டிலேயே கோரிமேட்டில் இருக்கிறது, ஒரு மணி நேர பஸ் பயணம். அங்கே எம்.எஸ்சி நர்சிங்கும், பொது சுகாதாரத்தில் எம்.பி.எச் படிப்பும் உண்டு. நுழைவுத் தேர்வு மூலம்தான் இடம்.

இரண்டாவது வழி எம்.பி.எச். இது நர்சிங் பட்டம் இல்லை, பொது சுகாதாரப் பட்டம். டாக்டர், பல் டாக்டர், நர்ஸ் என்று எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் தொழில் மற்றும் சுற்றுச்சூழல் சுகாதாரத்தைச் சிறப்புப் பாடமாக வைத்து எம்.பி.எச் நடத்தி வந்திருக்கிறது. தூசு அளப்பது, வெப்பம் அளப்பது, சத்தம் அளப்பது எல்லாவற்றுக்கும் ஆய்வகம் உள்ள இடம். சேர்க்கை, கட்டணம் பற்றி நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது நல்லது? நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகவும் ஆகலாம் என்ற எண்ணம் இருந்தால் எம்.எஸ்சி. அந்த எண்ணம் இல்லை, அளவெடுப்பதும் கொள்கை வகுப்பதும்தான் பிடிக்கும் என்றால் எம்.பி.எச். எங்கள் பார்வையில், முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டிலிருந்து வருபவருக்கு எம்.எஸ்சி பாதுகாப்பானது. ஒரு கதவு மூடினாலும் கற்பித்தல் என்ற இன்னொரு கதவு திறந்தே இருக்கும்.

டாக்டர்களுக்கு ஏ.எஃப்.ஐ.எச் என்று மூன்று மாதப் படிப்பு இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆபத்தான செய்முறை உள்ள ஆலைகள் அந்தத் தகுதியுள்ள டாக்டரைத்தான் தேடும். அது எம்.பி.பி.எஸ் முடித்தவர்களுக்கு மட்டும். நர்ஸ்களுக்கும் அதேபோல் ஒன்று என்று சொல்லி 'இண்டஸ்ட்ரியல் நர்சிங் டிப்ளமோ' விற்கும் தனியார் மையங்கள் வந்தால், இதைத் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுமா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். பணம் அதற்கப்புறம்.

ஆய்வுக் கட்டுரையை வீணடிக்காதீர்கள்

தொழில் சுகாதாரப் படிப்பு என்று தனியாக இல்லாத நாட்டில், எம்.எஸ்சி இரண்டாம் வருட ஆய்வுக் கட்டுரைதான் உங்கள் தனிப்படிப்பு. இதைப் பல மாணவர்கள் கண்டுகொள்வதில்லை.

நர்சிங் கல்லூரி நூலகத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் முக்கால்வாசித் தலைப்பு ஒரே அச்சில் இருக்கும். 'தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத்தில், குறிப்பிட்ட நோய் பற்றிய அறிவை அளந்து, கற்பித்தல் நிகழ்ச்சி நடத்தி, மறுபடி அளந்தோம்.' அறிவு கூடியது என்று முடிவு வரும். வராமல் எங்கே போகும்? பாடம் நடத்திவிட்டு உடனே பரீட்சை வைத்தால் மார்க் கூடத்தானே செய்யும்.

அதற்குப் பதில், மரக்காணத்தில் உப்பு வாரும் பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடை எவ்வளவு குறைகிறது, சிறுநீரின் அடர்த்தி எவ்வளவு என்று பாருங்கள். எடை மெஷின், டிப்ஸ்டிக், ஒரு நோட்டு போதும். வானூர் பக்கம் க்ரஷர் வேலையில் ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களின் நுரையீரல் கொள்ளளவை ஸ்பைரோமீட்டர் வைத்து அளந்து, அதே ஊரில் விவசாய வேலை செய்பவர்களோடு ஒப்பிடுங்கள். காசநோய் சிகிச்சை எடுத்தவர்களின் வேலை வரலாற்றைக் கேட்டு எழுதுவதே ஒரு முழு ஆய்வு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதமும் கட்டாயம். க்ரஷர் முதலாளி உள்ளே விட மாட்டார் என்றால் ஆலை வாசலை விட்டுவிட்டு, சாயங்காலம் ஊருக்குள் போய் வீட்டில் பார்க்கலாம். கோல்மன் ஆலை நர்ஸும் தொழிலாளர்களைத் தேடி வீட்டுக்குத்தானே போனார்.

வெளிநாட்டில் படிக்க முடியுமா?

முடியும், செலவும் காலமும் பிடிக்கும். அமெரிக்காவில் நியோஷ் என்ற தொழில் சுகாதார நிறுவனத்தின் நிதியுதவியோடு சில பல்கலைக்கழகங்களில் இந்தப் பிரிவில் முதுநிலைப் படிப்பு நடக்கிறது. நச்சியல், நோய்ப்பரவல் இயல், பணியிடச் சுகாதார அளவீடு, உடல் அமைப்புக்கேற்ற வேலை வடிவமைப்பு, ஆலையில் நேரடிப் பயிற்சி என்று பாடங்கள் இருக்கும். அந்த உதவித்தொகை பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும்தான். 2025-ல் அந்த நிறுவனத்திலேயே பெரிய ஆள்குறைப்பு நடந்தது. எனவே சேர நினைக்கும் படிப்பு அந்த வருடம் நடக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டிய நிலை.

பிரிட்டனில் நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் சமூகப் பொது சுகாதார நர்ஸ்களுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது. தொழில் சுகாதாரம் அதில் ஒரு கிளை. அங்கே முதலில் நர்ஸாகப் பதிவு செய்து வேலையில் சேர்ந்துவிட்டு, பிறகு நிறுவனம் அனுப்பி வைத்துப் படிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. வளைகுடாவில் எண்ணெய், கட்டுமானத் தளங்களில் சைட் நர்ஸ் வேலைகள் உண்டு. ஏஜென்ட் கையில் பணம் கொடுப்பதற்கு முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

படித்தால் வேலை நிச்சயமா?

நேராகச் சொல்லிவிடுவது நல்லது. கம்பெனி நர்ஸ் வேலைக்கு எம்.எஸ்சி கட்டாயம் இல்லை. ஜி.என்.எம், பி.எஸ்சி முடித்தவர்களையே ஆலைகள் எடுக்கின்றன. எம்.எஸ்சி முடித்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்தால் சம்பளம் பெரிதாக மாறும் என்று நம்பிப் போக வேண்டாம். மாற வாய்ப்புள்ள இடங்கள் வேறு: பல ஆலைகள் உள்ள குழுமத்தில் சுகாதாரப் பிரிவின் பொறுப்பாளர், ஆய்வுத் திட்டங்களில் களப் பொறுப்பாளர், நர்சிங் கல்லூரி ஆசிரியர்.

அரசுப் பக்கத்தில் 'தொழில் சுகாதார நர்ஸ்' என்று பெயர்ப்பலகை போட்ட நாற்காலியைத் தேட வேண்டியதில்லை, வேலை வேறு பெயரில் இருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் ஒரு நர்ஸ்தான். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், 2024 ஜனவரியில் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் இரண்டிலும் பி.பி., சுகர் பார்க்கிறார்கள். தொழிலாளியின் கையைப் பிடித்து பி.பி. பார்க்கும் அதே ஐந்து நிமிடத்தில் தூசி பற்றியும் சத்தம் பற்றியும் நாலு கேள்வி கேட்கலாம். அதற்குத் தனி உத்தரவு தேவையில்லை.

சேர்க்கைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்றால் இப்போதே ஒன்று செய்யலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, தனியார் ஆஸ்பத்திரியோ, எங்கே டூட்டி பார்த்தாலும் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன வேலை, எந்த ஊரில், எத்தனை வருடம், அதற்கு முன்னால் என்ன வேலை. இந்த நாலையும் எழுதுங்கள். 'ஜல்லி க்ரஷர், வானூர் பக்கம், 11 வருடம், அதற்கு முன் செங்கல் சூளை.' எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அந்த சீட்டை அடுத்துப் பார்க்கும் டாக்டர் எக்ஸ்-ரேயை வேறு கண்ணோடு பார்ப்பார்.